சோழர் காலத்துச் செப்புத் திருமேனியா, போன வருடம் வார்த்ததா?

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் வெண்கலச் சிலைகளில் சிற்பியின் கையொப்பமும் வார்ப்புப் பட்டறையின் முத்திரையும் இருக்கும். நம் செப்புத் திருமேனிகளில் அப்படி எதுவும் கிடையாது. வார்த்த ஸ்தபதி தன் பெயரைப் பொறிப்பதில்லை. பீடத்தில் எழுத்து இருந்தாலும் அது பெரும்பாலும் ஊரின் பெயராகவோ கொடுத்தவர் பெயராகவோதான் இருக்கும். அதனால் 'யார் செய்தது' என்ற கேள்விக்கு, எந்தக் காலம், எந்த வட்டாரத்துப் பட்டறை என்ற அளவில்தான் பதில் கிடைக்கும்.

அந்தப் பதிலுக்கும் ஊன்றுகோல் வேண்டும். திருவெண்காட்டில் கிடைத்து இப்போது தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கும் ரிஷபவாகனர் 1011ஆம் ஆண்டையும், அருகிலிருக்கும் தேவி 1012ஆம் ஆண்டையும் சேர்ந்தவர்கள் என்று அவ்வூர்க் கோயில் கல்வெட்டுகளைக் கொண்டே சொல்ல முடிகிறது. இப்படி ஆண்டு தெரிந்த திருமேனிகள் வெகு சில. மற்றவற்றையெல்லாம் அவற்றோடு ஒப்பிட்டுத்தான் காலவரிசையில் வைக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இன்னொரு படி மேலே போய், திருமேனியின் உயரத்தை முழம், விரல், தோரை என்று அளந்து, எத்தனை கைகள், கனமாக வார்த்ததா, பொள்ளலாக வார்த்ததா என்பது வரை பதிந்து வைத்திருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதப்பட்ட அடையாளப் பட்டியல் அது.

போலியைப் பிடிக்க வார்ப்பு முறை தெரிந்திருக்க வேண்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவத்தை முழுதாகப் பிடிக்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லியதாகப் பூசி, காய்ந்தபின் கனமான மண் பூசி, கம்பி கட்டி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண் கூட்டை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகவே ஒரு மெழுகுக்கு ஒரே சிலை. அச்சு அசலாக ஒன்றுபோல் இரண்டு இருந்தால் இரண்டில் ஒன்றாவது நகல்.

நகலெடுக்க எளிய வழி, அசலின் மேல் ரப்பர் அச்சு எடுத்து, அதில் மெழுகு ஊற்றி, அந்த மெழுகை வார்ப்பது. மெழுகு ஆறும்போதும் உலோகம் இறுகும்போதும் சுருங்கும். இரண்டும் சேர்ந்து நீளத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடு குறையும். 90 சென்டிமீட்டர் உயரச் சிலையின் நகல் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் குள்ளமாக வரும். பழைய அளவுக் குறிப்பு இருந்தால் இந்த ஒரு சோதனையே பல நேரம் போதும். ஆனால் இப்போது சிலையை ஸ்கேன் செய்து, சுருங்கும் அளவைக் கணினியிலேயே கூட்டிக்கொண்டு மெழுகை அச்சிடுகிறார்கள். எனவே அளவு பொருந்திவிட்டதாலேயே அசல் என்று சொல்லிவிட முடியாது.

முகத்தைப் பார்க்கும் முன் முதுகைப் பாருங்கள். உற்சவர் வீதி உலா வருபவர். நாலு பக்கமும் மக்கள் பார்ப்பார்கள். அதனால் பழைய ஸ்தபதி பின்னலையும், சிரசுக்குப் பின்னுள்ள சக்கரத்தையும், பூணூல் முதுகில் இறங்கும் வளைவையும் முன்பக்கத்துக்குக் குறையாமல் செய்திருப்பார். அவசர வேலை பின்புறத்தில்தான் தளரும்.

அடுத்து, பீடத்தைக் கவிழ்த்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். திருமேனி கனமாக வார்த்ததானாலும் பீடம் பெரும்பாலும் உள்ளே குடைவாக இருக்கும். அங்கே கிரைண்டர் சக்கரம் ஓடிய வளைந்த, இணையான கீறல்கள் தெரிகின்றனவா? வெல்டிங் மணிகள் உண்டா? பல்லக்குத் தண்டும் கயிறும் போகும் துளைகளின் விளிம்பு, இழுபட்ட பக்கம் மட்டும் மழுங்கியிருக்கிறதா, சுற்றிலும் ஒரே சீராக அரத்தால் தேய்க்கப்பட்டிருக்கிறதா? அபிஷேகம் கண்ட சிலையில் மூக்கு, மார்பு, முழங்கால் போன்ற மேடுகள் தேய்ந்திருக்கும். விரலிடுக்கும் அணிகளின் பள்ளமும் கூர்மை குறையாமல் இருக்கும். கை எட்டாத இடத்திலும் தேய்மானம் தெரிந்தால் சந்தேகப்படலாம்.

பலரும் ஏமாறுவது களிம்பில்தான். மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்த வெண்கலத்தில் களிம்பு அடுக்கடுக்காக வளரும்: உலோகத்தை ஒட்டிச் சிவந்த குப்ரைட், அதன்மேல் பச்சை மாலக்கைட், சில இடங்களில் நீல அசுரைட். அரிப்பு மேலே நிற்காமல் உலோகத்தின் நுண்படிகங்களுக்கு இடையிலான எல்லைகள் வழியாக உள்ளேயும் இறங்கியிருக்கும். அமிலமோ நவச்சாரமோ பூசி வரவழைத்த பச்சைக்கு அந்தச் சிவப்பு அடித்தளம் சரியாக அமையாது. நுண்நோக்கியில் பார்த்தால் பச்சைக்கு நேர் கீழே பளிச்சென்ற உலோகம் தெரியும். சாயத்தைப் பசையில் கலந்து பூசியிருந்தால் அசிட்டோன் தொட்ட பஞ்சிலேயே நிறம் ஒட்டிக்கொள்ளும். வெளிர் பச்சைப் பொடி உதிர்வதை மட்டும் பழமைக்குச் சான்றாக எடுக்கக் கூடாது. அது குளோரைடு ஏறி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்ததால் வரும் நோய். உப்பு நீரில் ஊறவைத்த புதுச் சிலைக்கும் வரும். அதேபோல், பூமிக்குள் போகாமல் தொடர்ந்து பூஜையில் இருந்த சிலையில் பச்சையே இருக்காது. அதற்காக அதைப் புதிது என்று தள்ளிவிட முடியாது.

வீட்டிலோ கோயிலிலோ பழைய சிலை இருந்தால் புளி போட்டோ பாலிஷ் போட்டோ தேய்த்துவிடாதீர்கள். பாதிச் சான்று அந்தக் களிம்பில்தான் இருக்கிறது.

உலோகக் கலவையும் பேசும். சோழர் காலத் திருமேனிகள் பெரும்பாலும் செம்போடு வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்தவை. துத்தநாகம் பொதுவாக மிகக் குறைவு. இன்றைய பட்டறைகளில் செம்போடு பித்தளையைச் சேர்ப்பது வழக்கம், அதனால் துத்தநாகம் சில விழுக்காடு ஏறிவிடும். மின்பகுப்பில் சுத்திகரித்த இன்றைய செம்பில், பழைய செம்பில் இருக்கும் ஆர்சனிக், ஆன்டிமனி, வெள்ளி போன்ற சுவடுகள் அநேகமாக இருக்காது. கையடக்க எக்ஸ்-கதிர் கருவி சில நொடிகளில் இதைச் சொல்லிவிடும், ஆனால் அது படிப்பது மேல் தோலை மட்டும். அரித்த மேற்பரப்பில் செம்பு கரைந்து வெள்ளீயம் கூடுதலாகத் தெரியும். ஒட்டியிருக்கும் மண் அலுமினியமாகத் தெரியும். பீடத்தின் அடியில் ஒரு புள்ளியளவு சுரண்டி, உலோகம் தெரிந்தபின் அளந்த எண்ணையே நம்பலாம்.

தென்னிந்தியப் படிமங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் இத்தகைய சுவட்டுத் தனிமங்களையும் காரீயத்தின் ஐசோடோப்பு விகிதங்களையும் அளந்து, காலவாரியாகப் பிரித்துக் காட்டியவர் உலோகத் தொல்லியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன். சோழர் காலத்தவை என்று கருதப்பட்ட நடராசர்களில் சில பல்லவர் காலத்தவை என்று அவர் வாதிடுவதும் இந்த அளவீடுகளின் பலத்தில்தான்.

காரீயத்திலேயே ஒரு கடிகாரமும் உண்டு. தாதுவில் உள்ள ரேடியம் சிதைந்துதான் காரீயம்-210 என்ற கதிரியக்கக் காரீயம் உண்டாகிறது. தாதுவிலிருந்து காரீயத்தை உருக்கிப் பிரிக்கும்போது ரேடியம் கசடோடு போய்விடும். காரீயம்-210 மட்டும் உலோகத்தோடு தங்கும், புதிதாகச் சேராது. 22 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகும். 110 ஆண்டில் முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் மிச்சம். எனவே காரீயம்-210 கணிசமாக இருந்தால் வார்ப்பு புதிது என்பது உறுதி. இல்லையென்றால் எதுவும் உறுதியில்லை. பழைய பாத்திரங்களை உருக்கி வார்த்த போலியும் இதில் தப்பிவிடும்.

கரிமக் காலக்கணிப்பு உலோகத்துக்குப் பயன்படாது. பீடத்தின் குடைவில் சுட்ட மண் ஒட்டியிருந்தால் வெப்ப ஒளிர்வு முறையில் அந்த மண் கடைசியாகச் சூடான காலத்தை அளக்கலாம். இருபது விழுக்காடு வரை பிழை வந்தாலும், ஆயிரம் வருடத்தையும் ஐம்பது வருடத்தையும் பிரிக்க அது தாராளம். மண் மாதிரியை எடுத்த பிறகுதான் சி.டி. ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். எக்ஸ்-கதிர் பட்டால் மண்ணில் கதிரளவு கூடி, வயதும் கூடிக் காட்டும். போலி செய்பவர்கள் இதையே வேண்டுமென்று செய்வதும் உண்டு.

மண் வேறு விதத்திலும் சாட்சி சொல்லியிருக்கிறது. 1976இல் பத்தூரில் கிடைத்துக் கடத்தப்பட்ட நடராசர் வழக்கில், அந்தச் சிலையிலும் பத்தூரிலேயே கிடைத்த மற்றச் சிலைகளிலும் இருந்த மண், அரிப்பு, கறையான் தடம் ஆகியவற்றை லண்டன் நீதிமன்றத்தில் ஒப்பிட்டுக் காட்டினார்கள். 1991இல் சிலை திரும்பி வந்தது.

ஆய்வகத்தைவிட வலுவான சான்று பழைய புகைப்படம் என்பதே என் கருத்து. சிவபுரம் நடராசர் 1951இல் நிலத்தில் கிடைத்தவர். 1954இல் பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் நகல் செய்து, நகலைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். கோயிலில் இருப்பது போலி என்று 1965இல் எழுதியவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட். அசல் அமெரிக்கா போய் 1986இல் திரும்பியது. ஸ்ரீபுரந்தான் நடராசரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கியிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் படத்தொகுப்பில் அதே நடராசர் கோயிலில் இருந்த படம் இருந்ததால் 2014இல் இந்தியா திரும்பினார்.

இப்படி ஒப்பிடும்போது முகத்தின் அழகு பயன்படாது. வார்ப்புக் குறைகள்தான் பயன்படும். திருவாசியில் வளைந்துபோன ஒரு சுடர், உலோகம் முழுதாக ஓடாமல் நின்ற விரல் நுனி, இதழில் விழுந்த குமிழிக் குழி. ஆகவே உங்கள் ஊர்க் கோயில் திருமேனிகளைப் படமெடுக்கும் நாளில், அலங்காரமில்லாமல், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி என ஐந்து படங்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு குறையையும் கிட்டத்தில் தனியாக ஒரு படம் எடுங்கள். உயரத்தை மில்லிமீட்டரிலும் எடையைக் கிராமிலும் குறித்து, ஒரு பிரதியைக் கோயிலுக்கு வெளியே வையுங்கள்.