பத்து ஆண்டுக்குப் பிறகு அந்தக் கரு என்னவாகும்?

குழந்தையின்மை சிகிச்சைக்குப் போகும் தம்பதியிடம் ஒரு கட்டுப் படிவங்களை நீட்டுவார்கள். நர்ஸ் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுத் தந்த இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த ஊசி என்றைக்கு என்று கேட்பதுதான் வழக்கம். நுங்கம்பாக்கமானாலும் வடபழனியானாலும் இதே கதைதான். அந்தக் கட்டில் உறைபதனப் படிவம், அதாவது கருவை உறைய வைக்கச் சம்மதம் கேட்கும் படிவம் இருந்தால், அதை மட்டுமாவது உட்கார்ந்து படியுங்கள்.

சோதனைக்குழாய் முறையில், உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் உருவாக்கும் கருக்களில் கருப்பையில் வைத்தது போக எஞ்சுபவற்றை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைப்பார்கள். முதல் முயற்சி தவறினால் முட்டை எடுக்கும் ஊசியும் மயக்க மருந்தும் மறுபடி வேண்டாம். ஆனால் எவ்வளவு காலம் வைப்பது, இடையில் கணவரோ மனைவியோ இறந்துவிட்டால் என்ன செய்வது?

இதற்கு 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கும் இனப்பெருக்க உதவித் தொழில்நுட்ப (ஒழுங்குமுறை) சட்டம் பதில் சொல்கிறது. ஒருவர் இறந்தாலோ செயலிழந்தாலோ கருவை என்ன செய்வது என்று இருவரும் எழுத்தில் சொல்லி ஒப்புதல் தராமல் சிகிச்சை மையம் எதையும் உறைய வைக்கக் கூடாது. வைத்திருக்கும் காலமும் அதிகபட்சம் பத்து ஆண்டுதான். அதன்பின் அழிய விட வேண்டும், அல்லது உங்கள் சம்மதத்துடன் பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தர வேண்டும். ஆராய்ச்சிக்காக வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு. கருப்பையில் வைக்கும் முன்பு வரை, கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம்.

‘ஆராய்ச்சிக்கு’ என்ற கட்டத்தைப் பார்த்ததும் பலர் மிரள்வார்கள். மிரண்டால் சம்மதிக்க வேண்டாம், அது உங்கள் உரிமை. ஆனால் இந்தச் சிகிச்சையே ஆய்வாளர்களின் நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்ததுதான். 1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில், உறைய வைத்த கருவிலிருந்து ஒரு பெண் குழந்தை பிறந்ததாக டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் அறிவித்தபோது அரசுக் குழு அதை நம்பவில்லை. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். 1986இல் மும்பையில் இந்தியாவின் ‘முதல்’ சோதனைக்குழாய் குழந்தை பிறக்கக் காரணமானவர்களில் ஒருவரான ஆய்வாளர் ஆனந்த்குமார், பின்னர் முகோபாத்யாய் கைப்பட எழுதிய குறிப்புகளைப் படித்தார். படித்துவிட்டு, முதலில் சாதித்தவர் நானல்ல, அவர்தான் என்று அறிவித்தார். இப்படிப் பட்டத்தை விட்டுக்கொடுத்தவர்கள் மருத்துவத்தில் அதிகம் இல்லை.

சிகிச்சை பெற இதே சட்டம் சொல்லும் வயது வரம்பு: பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55. தனித்து வாழும் பெண்ணும் சிகிச்சை பெறலாம். கருமுட்டை தானம் தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறை, ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியைப் போலி ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி முட்டை எடுத்த செய்தியைப் படித்தவர்களுக்கு இந்த விதியின் அவசியம் புரியும்.

செலவு, வெற்றி வாய்ப்பு இரண்டையும் மையம் முன்கூட்டியே விளக்கியாக வேண்டும். குறைதீர் பிரிவும் வைத்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள், அதன் ஆயுள் ஐந்து ஆண்டு. தனியாருக்குக் கட்டுப்படியாகாதவர்கள் எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையில் விசாரிக்கலாம்.

கையெழுத்திட்ட படிவங்களின் நகலை வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். வீடோ செல்போன் எண்ணோ மாறினால் மையத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.