பச்சை முத்திரை பசையைப் பற்றிப் பேசுவதில்லை

சென்ற மாதம் சென்னையில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். புதிய மேசை நாற்காலிகள் போட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. காலையில் வந்து உட்காருபவர்களுக்குப் பத்து மணிக்குள் கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது என்று புகார். என்னை அழைத்த நிர்வாகி முதலில் காட்டியது மேசையை அல்ல, ஒரு ஃபைலை. அதில் எஃப்.எஸ்.சி. என்ற காட்டுமரச் சான்றிதழ் இருந்தது. "சுற்றுச்சூழலுக்கு உகந்த பலகைதான் சார் போட்டிருக்கிறோம், இது பெயிண்ட் வாசனையாக இருக்குமோ?" என்று கேட்டார். இதே கேள்வியை இதே நம்பிக்கையுடன் கேட்டவர்கள் பலர். பொறுமை தீர்ந்துவிட்டதால்தான் எழுதுகிறேன்.

குனிந்து மேசைக்கு அடியில் கை விட்டேன். மேலே லேமினேட், முன் விளிம்பில் ஒழுங்காக ஒட்டிய பட்டை. ஆனால் கம்பி நுழைக்கத் துளைத்த ஓட்டையின் உட்புறம் எதுவும் பூசாமல் விடப்பட்டிருந்தது. விரலால் தேய்த்தபோது பழுப்புத் தூள் உதிர்ந்தது. சுவர்ப் பக்கத்து விளிம்பிலும் பட்டை இல்லை. மரநாரைப் பசையில் பிசைந்து அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை மூச்சு விடுவது, அதாவது பசையின் வாயு வெளியேறுவது, இந்த இடங்களில்தான்.

எஃப்.எஸ்.சி. என்பது 1993-இல் தொடங்கிய நல்ல ஏற்பாடு. அதில் எனக்குக் குறையில்லை. மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது, அந்தக் காடு முறையாகப் பராமரிக்கப்படுகிறதா, வெட்டிய இடத்திலிருந்து ஆலைவரை அந்த மரம் வேறு மரத்தோடு கலக்காமல் வந்ததா என்பவற்றுக்கு அது பதில் சொல்கிறது. அந்த மரத்தை நாராக்கி எந்தப் பசையில் பிசைந்து அழுத்தினார்கள், அந்தப் பசையிலிருந்து எவ்வளவு வாயு வெளியேறும் என்பதற்கு அது பதில் சொல்வதில்லை. அரிசி எந்த வயலில் விளைந்தது என்ற சீட்டை வைத்துக்கொண்டு, உலையில் ஊற்றிய தண்ணீர் நல்லதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. காட்டுக்கு ஒரு சான்று, வாயுவுக்கு ஒரு சான்று. இரண்டும் வேறு, ஒன்றைக் காட்டி மற்றதை விற்கக் கூடாது.

பெரும்பாலான எம்.டி.எஃப். பலகைகளிலும், மரத்துகளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டுகளிலும் இருப்பது யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. அதிலிருந்து வெளியேறும் வாயுதான் ஃபார்மால்டிஹைடு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-இல் வகைப்படுத்திவிட்டது. அமெரிக்க விதியில் எம்.டி.எஃப். பலகைக்கு 0.11 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு), பார்ட்டிகிள் போர்டுக்கு 0.09, வன்மரப் பிளைவுட்டுக்கு 0.05 என்று உச்ச அளவு உண்டு. நம் ஊர்க் கடைகளில் தாராளமாக அடிபடும் "இ-ஜீரோ" என்ற வகை ஐரோப்பியத் தர விதியிலேயே கிடையாது. அங்கே வாயு வெளியேற்றத்துக்கு இருப்பவை இ-1, இ-2 என்ற வகைகள் மட்டுமே. இன்னொன்று: இந்த அளவுகள் சோதனைக் கூண்டில் வைத்த பலகைக்கு உரியவை, ஜன்னல் திறக்காத ஒரே கூடத்தில் 120 மேசைகளை அடுக்கி, இரவில் ஏ.சி.யை நிறுத்தி, சென்னையின் வெக்கையிலும் ஈரத்திலும் பூட்டிவைத்தால் கணக்கே வேறு.

துணிக்கு வருகிறேன். அதே அலுவலகத்தின் நாற்காலிகளில் "நூறு சதவீத மூங்கில் துணி" என்று விலைப்பட்டியலில் கண்டிருந்தது. உறையின் ஓரத்திலிருந்து நான்கைந்து நூல்களை உருவித் தீக்குச்சியைக் காட்டினேன். காகிதம்போல எரிந்து சாம்பலாவதற்குப் பதில், உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டது. பாலியெஸ்டர். உண்மையான மூங்கில் கூழிலிருந்து எடுத்ததாகவே இருந்தாலும் அது விஸ்கோஸ்தான். கூழைக் கார்பன் டைசல்ஃபைடு என்ற நச்சுப் பொருளின் உதவியால் கரைத்து இழுத்த நூல். விஸ்கோஸை மூங்கில் என்று விற்றதற்காக அமெரிக்காவில் 2022-இல் இரண்டு பெரிய அங்காடி நிறுவனங்கள் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்டின. கழிவுப் பனியன் துணியிலிருந்து நூல் எடுக்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட் நூற்பு) மில்கள் கோவை, திருப்பூர் வட்டாரத்தில் இருக்க, கரூரில் தறிகள் ஓடிக்கொண்டிருக்க, இல்லாத மூங்கிலுக்கு ஏன் அதிக விலை கொடுக்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

கொட்டேஷனில் "ஈகோ ஃபிரெண்ட்லி" என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, பலகை வாயுச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். அதிலுள்ள ஆலைப் பெயர் உங்களுக்கு வரும் பலகையிலும் அச்சாகியிருக்க வேண்டும். ஆறு பக்கமும், துளைகளும் அடைக்கப்பட்டிருந்தால்தான் பணம் கொடுங்கள். துணியில் கறை ஒட்டாத ரசாயனப் பூச்சு வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். ஆட்களை உட்காரவைப்பதற்கு முன் இரண்டு வாரமாவது காற்றோட்டத்தில் விடுங்கள். திறப்பு விழாத் தேதிக்காக இதைக் குறைக்காதீர்கள், தயவுசெய்து.

ஃபைலை மூடித் திருப்பிக் கொடுக்கும்போது கடைசித் தாள் கண்ணில் பட்டது. பிரம்பு பின்னிய 80 பழைய தேக்கு நாற்காலிகளைப் பழைய சாமான்காரருக்கு எடைக்குப் போட்ட ரசீது அது.