இணையப் பகடிவதை பிள்ளையின் உடலுக்குள் என்ன செய்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப்புறம் ஒன்றில் வாழும் படிவம் 1 மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். பள்ளி விளையாட்டுப் போட்டியில் அவள் தடுக்கி விழுந்த காட்சியை யாரோ ஸ்டிக்கராக்கி, வகுப்பின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டிருக்கிறார்கள். "தயவுசெய்து அழித்துவிடுங்கள்" என்று இரவு 10 மணிக்கு எழுதுகிறாள். 31 பேர் படித்துவிட்டதைத் திரை காட்டுகிறது. ஒருவரும் பதில் எழுதவில்லை. சற்று நேரத்தில் அதே ஸ்டிக்கர் மீண்டும் வந்து விழுகிறது.

"வெறும் படம்தானே" என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். அவளுடைய உடல் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. மூளையின் அமிக்டலா பகுதி இதனை ஆபத்தாகவே கொள்கிறது. அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது. அதன்பின் மெல்ல ஏறும் கார்டிசால் என்னும் மனஅழுத்தச் சுரப்பு, ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களில் உச்சத்தைத் தொடுகிறது.

ஒதுக்கப்படுவது மூளையில் எவ்வாறு பதிகிறது என்பதை 2003ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று ஆராய்ந்தது. கணினித் திரையில் பந்து எறியும் விளையாட்டில் 13 பேரைச் சேர்த்து, சிறிது நேரத்தில் அவர்களுக்குப் பந்து வராதபடி செய்து, அவ்வேளையில் மூளையைப் படம்பிடித்தபோது, உடல்வலியின் துன்பத்தோடு தொடர்புடைய முன் சிங்குலேட் புறணி என்னும் மூளைப்பகுதி கூடுதலாக இயங்கியது. அப்பகுதி வியப்பு, முரண்பாடு போன்றவற்றுக்கும் இயங்குவதால், மனவலியும் உடல்வலியும் முற்றிலும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் முகமறியாதவர்கள் பந்தைத் தராததே இவ்வளவு உறுத்துமானால், தினமும் ஒரே பேருந்தில் வரும் தோழியர் சிரிப்பது எவ்வளவு உறுத்தும்!

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது, 2004ஆம் ஆண்டில் 208 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து வெளியிடப்பட்ட முடிவுதான். பிறர் தன்னை எடைபோடுகிறார்கள் என்ற உணர்வும், நிலைமை தன் கட்டுப்பாட்டில் இல்லை என்ற உணர்வும் ஒன்றுசேரும்போதுதான் கார்டிசால் மிக அதிகமாக உயர்கிறது என்று அது காட்டியது. இணையப் பகடிவதையில் இவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன: பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது, படம் யார் கைக்குப் போகும் என்றும் தெரியாது. கோயில் திருவிழாவிலும் இரவுச் சந்தையிலும் அதே முகங்களையே சந்திக்க வேண்டிய சிற்றூரில், திறன்பேசியை அணைத்துவிட்டாலும் பார்வையாளர்கள் கலைந்து போவதில்லை.

பள்ளிக்கூடத்துக் கேலிக்கு முன்பெல்லாம் இறுதி மணி ஒரு முடிவாக இருந்தது. இப்போது அது படுக்கை வரை தொடர்கிறது. அடுத்த செய்தி எப்போது வரும் என்று விழிப்பாகவே இருக்கும் உடலுக்கு ஆழ்ந்த உறக்கம் எளிதில் வாய்க்காது. பகலில் கற்றதை மூளை நிலைப்படுத்துவது பெரிதும் உறக்கத்தில்தான். மறுநாள் கணக்குப் பாடத்தில் அவள் தடுமாறினால், அதைச் சோம்பல் என்று கருதுவது பெருந்தவறு. கணக்கைப் பிடித்துவைக்க வேண்டிய நினைவாற்றலின் ஒரு பகுதியை அந்த ஸ்டிக்கர் பிடித்துக்கொண்டிருக்கிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு வந்து, பாடங்களை மலாய்மொழியில் கற்கத் தொடங்கியிருக்கும் பருவத்தில் இந்தச் சுமை இன்னும் கனக்கும். தலைவலி, வயிற்றுவலி, பசியின்மை, பள்ளிக்குப் போகத் தயக்கம் என்று தொடங்குவது சிலரிடம் மனச்சோர்வாகவும் தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணமாகவும் முற்றுகிறது.

பிள்ளைகள் இதை வீட்டில் மறைப்பதற்கு ஒரு காரணம், சொன்னால் திறன்பேசி பறிபோகும் என்ற அச்சம். பறித்துவிட்டால் அவள் இரண்டாம் முறை ஒதுக்கப்படுகிறாள். அதற்குப் பதிலாக, அவளருகில் அமர்ந்து, அந்தச் செய்திகளை அழித்துவிடாமல் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துச் சேமித்துக்கொண்டு, வகுப்பாசிரியரிடமோ ஆலோசக ஆசிரியரிடமோ அவளோடு சேர்ந்து செல்லலாம். 15999 என்ற, மலேசிய அரசின் தாலியான் காசே உதவி எண்ணை நள்ளிரவிலும் அழைக்கலாம். அந்த ஸ்டிக்கரை அழிக்கச் சொல்லும் வேலையை ஆசிரியர் ஏற்றுக்கொண்டதும், 31 பேரின் மௌனத்தை அவள் தனியாக எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.