மூலையில் பெயர் போட்டால் படம் பத்திரமா?

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ நடந்த ஒரு கலியாண வீட்டுப் படம் பேஸ்புக்கில் வந்தால், வலப்பக்கக் கீழ்மூலையில் ஸ்ரூடியோவின் பெயர் இருக்கும். கோயில் திருவிழாப் படத்திலும் அப்படித்தான், ஊர்ச் சங்கம் போடும் உதவித்திட்டப் படத்திலும் அப்படித்தான். போட்டவர் நிம்மதியாக இருப்பார். எடுக்க நினைப்பவருக்கும் வேலை சுகம். போனில் படத்தைத் திறந்து கீழ் ஓரத்தை விரலால் கொஞ்சம் மேலே தள்ளினால் பெயர் போய்விடும். படத்துக்கு ஒரு குறையும் வராது. பெயர் இருந்த இடத்தில் கதிரைக் காலும் பந்தல் துணியும்தானே இருந்தன!

வன்னியில் எனக்குப் படத்தொழில். விழாக்களுக்குப் படம் எடுப்பது பாதி, பழைய படங்களை ஸ்கான் செய்து திருத்திக் கொடுப்பது மீதி. வாட்டர்மார்க், அதாவது படத்தில் போடும் அடையாளக் குறி, பற்றிக் கேட்டு வருகிறவர்களின் தேவை இரண்டு வகை. "அண்ணை, என்ர படத்தை ஒருத்தரும் எடுக்காத மாதிரிச் செய்து தாங்கோ" என்பார்கள் சிலர். "இந்தப் படம் உண்மையானதோ, ஆரும் மாத்தினதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்பார்கள் வேறு சிலர். முதலாமவருக்கு எதைச் செய்தாலும் அழியாத குறி வேண்டும். இரண்டாமவருக்கு, யாராவது கை வைத்தவுடனே அழிந்துவிடுகிற குறி வேண்டும். ஒன்றுக்கொன்று நேர் எதிரான வேலை இது. இதைப் பிரித்துப் பார்க்காமல் ஒரு செயலியை இறக்கி, ஒரு லோகோவைப் போட்டுவிட்டு இருப்பதால்தான் இவ்வளவு ஏமாற்றமும்.

முதலில் கண்ணுக்குத் தெரிகிற குறி. இதில் இடம் மட்டும் பிரச்சினையில்லை, எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி இருப்பதும் பிரச்சினைதான். 2017 இல் கூகுள் ஆய்வாளர்கள் சிலர் இதைச் செய்து காட்டினார்கள். ஒரே லோகோ, ஒரே அளவில், நூற்றுக்கணக்கான படங்களில் இருந்தால், அவற்றை ஒப்பிட்டே லோகோவை மட்டும் கணினி தனியாகப் பிரித்தெடுத்துவிடும். பிறகு எல்லாப் படத்திலிருந்தும் அதைக் கழித்துவிடலாம். ஒவ்வொரு படத்திலும் குறியைக் கொஞ்சம் நெளித்துப் போட்டால் இப்படிக் கழிப்பது கடினம் என்பதையும் அவர்களே சொன்னார்கள். இன்றைக்கு அந்தளவு கணக்கும் தேவையில்லை. போனிலேயே விரலால் தேய்த்தால் அழிக்கிற வசதி வந்துவிட்டது.

அதனால் நான் செய்வது இதுதான். கலியாண வீட்டார் பார்த்துத் தெரிவுசெய்ய அனுப்பும் படங்களில் பெயரை மங்கலாக, சேலைக் கரையும் கைகளும் வருகிற இடத்துக்குக் குறுக்கே போடுவேன். முகத்தில் போடுவதில்லை, பார்க்கவே அந்தரமாக இருக்கும். சரிவையும் அளவையும் படத்துக்குப் படம் மாற்றுவேன். அதைவிட முக்கியமாக, நீளப்பக்கம் 1000 புள்ளிக்கு (பிக்சலுக்கு) கூடாமல் சிறிதாக்கித்தான் அனுப்புவேன். அல்பத்துக்கு எதை எடுப்பது என்று பார்க்க அது தாராளமாகப் போதும். பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்ட அது காணாது. உண்மையைச் சொன்னால், சிறிய கோப்பு தருகிற காவலை எந்த வாட்டர்மார்க்கும் தராது.

அப்புறம் கண்ணுக்குத் தெரியாத குறி. பெடியளுக்கு இதில்தான் பெரிய ஆர்வம். இரணைமடுக் குளத்துக்கு மேலே தெரிகிற வானத்தை எடுத்த படத்தில் ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். கணினிக்கு அது மூன்று எண்கள்: சிவப்பு 118, பச்சை 164, நீலம் 211. ஒவ்வோர் எண்ணும் 0 இலிருந்து 255 வரை இருக்கலாம், 8 பிட்டில், அதாவது 0 அல்லது 1 ஆன எட்டு இலக்கங்களில், எழுதப்படும். கடைசிப் பிட்டை மாற்றினால் 211 என்பது 210 ஆகும், அவ்வளவுதான். வானம் அதே வானம், எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் பிடிபடாது. 4000 க்கு 3000 அளவுள்ள படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் மூன்று கடைசிப் பிட்டுகள் என்றால், 45 லட்சம் பைட் (8 பிட் ஒரு பைட்) இடம் சும்மா கிடக்கிறது. உங்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் திகதியையும் அதற்குள் ஆயிரக்கணக்கான தடவை எழுதலாம்.

எழுதிவிட்டு வட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். மறுமுனையில் ஒன்றும் மிஞ்சாது. கோப்பின் அளவைக் குறைக்க வட்ஸ்அப் படத்தைத் திரும்ப ஒருமுறை ஜேபெக் (JPEG) ஆக நசுக்குகிறது. ஜேபெக் முறை படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவான மாற்றம், வேகமான மாற்றம் என்று அலைகளாகப் பிரிக்கும். கண் கவனிக்காத நுணுக்கங்களை வீசிவிடும். கண் கவனிக்காது என்று நாங்கள் ஒளித்து வைத்தது எதுவோ, முதலில் வீசப்படுவதும் அதுதான்.

ஆகவே நீடித்து நிற்கிற குறி வேண்டுமென்றால் புள்ளிகளை விட்டுவிட்டு அந்த அலைகளுக்குள் எழுத வேண்டும். மிக மெதுவான அலையில் எழுதினால் படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும், மிக வேகமானதில் எழுதினால் நசுக்கும்போது போய்விடும். அதனால் பலர் நடுவில் எழுதுகிறார்கள். 1997 இல் இங்கேமார் கொக்ஸும் கூட்டாளிகளும் எழுதிய ஆய்வு வேறு பக்கமாக யோசித்தது. படத்துக்கு உயிர் எதுவோ, அந்த முக்கியமான அலைகளிலேயே குறியை மிக மெல்லியதாகப் பரப்பிவிடு என்றது. அழிக்க நினைப்பவன் படத்தையும் சேர்த்துக் கெடுத்தால்தான் குறி போகும். யோசனை அருமை. ஆனால் கொஞ்சக் காலத்திலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஸ்டேர்மார்க் என்றொரு சோதனைக் கருவி செய்தார்கள். படத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெளித்துச் சரிப்பதுதான் அதன் வேலை. குறி உள்ளேயே இருந்தாலும், எங்கே தேடுவது என்று வாசிக்கிற மென்பொருளுக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்தக் காலத்துப் பல முறைகள் அதில் தோற்றன.

இந்த இழுபறி இன்னும் முடியவில்லை. டிஜிமார்க் நிறுவனத்தின் குறியிடும் வசதி 1996 இலேயே போட்டோஷொப்புக்குள் வந்தது. பைதான் நிரல்மொழி தெரிந்த பிள்ளைகளுக்கு இன்விசிபிள்-வாட்டர்மார்க் என்ற இலவச நூலகம் இருக்கிறது. எழுத்தில் கேட்டதைப் படமாக்கித் தருகிற ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள், தான் செய்கிற படங்களில் குறி போட அதைத்தான் பயன்படுத்தியது. அறிவியல்நகர் பொறியியல் பீடத்துப் பிள்ளைகளோ வவுனியாப் பல்கலைக்கழகப் பிள்ளைகளோ வட்ஸ்அப், வைபர், பேஸ்புக் மூன்றிலும் ஒரு சுற்று அனுப்பியபின் எந்தக் குறி மிஞ்சுகிறது என்று ஒரு செயற்றிட்டமாகச் செய்து பார்த்தால் எங்களைப் போன்ற தொழிற்காரருக்குப் பெரிய உதவி. கலியாணப் படம் எடுப்பவருக்கு இவ்வளவு சிக்கல் தேவையா என்றால், என் அபிப்பிராயத்தில் தேவையில்லை. சட்டப்படி, படம் பிடித்த கணமே அதன் உரிமை பொதுவாகப் படம் பிடித்தவருக்குத்தான். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பதிவும் கேட்கவில்லை, குறியும் கேட்கவில்லை. "பெயர் போடேல்லைத்தானே, அதுதான் எடுத்தனான்" என்ற கதை செல்லாது.

வன்னியில் எனக்குக் கூடுதலாகக் கவலை தருவது இரண்டாவது கேள்விதான், படம் மாற்றப்பட்டதா என்பது.

ஓர் ஊர்ச் சங்கம் கூரையில்லாத ஒரு வீட்டையும் வாசலில் நிற்கும் தாயையும் பிள்ளைகளையும் படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் ஊரவருக்கு அனுப்புகிறது. கொஞ்ச நாளில் அதே படம் வேறு பெயரோடு, வேறு வங்கிக் கணக்கு இலக்கத்தோடு சுற்றத் தொடங்குகிறது. காசு யாருக்கோ போகிறது, அந்தத் தாய்க்கு ஊரில் கெட்ட பெயர் வருகிறது. இப்படிப்பட்ட படங்களில் ஊர், திகதி, என்ன தேவைக்கு எடுத்தது, யாரோடு தொடர்புகொள்வது என்று நான்கையும் படத்தின் நடுவுக்குக் குறுக்கே போடச் சொல்வேன். வடிவு கெட்டால் கெடட்டும். பிள்ளைகளின் முகம் அதில் வரவே தேவையில்லை. கூரை இல்லை என்று காட்ட வீட்டின் படம் போதும்.

தொட்டால் அழியும் குறி இங்கேதான் பொருந்தும். படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் கணக்கிட்ட ஒரு சுருக்க எண்ணை அதே கட்டத்தின் கடைசிப் பிட்டுகளில் எழுதிவிடுவது இதன் ஒரு முறை. யாராவது ஒரு முகத்தை மாற்றினால் அந்தக் கட்டத்தில் கணக்கு ஒத்துவராது. மாற்றியது தெரிவதோடு, எந்த இடத்தில் மாற்றியது என்பதும் தெரியும். சாதாரணமாக நசுக்குவதைப் பொறுத்துக்கொண்டு, உள்ளடக்கம் மாறினால் மட்டும் உடைகிற நடுத்தர வகையும் உண்டு.

ஊரில் உடனே செய்யக்கூடியது இன்னும் எளிது: கோப்பின் ஹாஷ் எண். ஷா-256 (SHA-256) என்ற முறை எவ்வளவு பெரிய படத்தையும் 64 எழுத்துகளாகச் சுருக்கும். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எழுத்து வரிசையே அடையாளம் தெரியாமல் மாறிவிடும். செவன்-சிப் (7-Zip) என்ற இலவச மென்பொருள் போட்ட கணினியில் கோப்பின்மேல் வலது சொடுக்கினால் கிடைக்கும். யானை அடித்த வயலையோ பிடுங்கி எறிந்த எல்லைக் கட்டையையோ படம் எடுத்தால், அன்றைக்கே அந்த எண்ணை எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பிறகு ஒரு காலத்தில் "இது நேற்றுச் செய்த படம்" என்று யாராவது சொன்னால், அந்த மின்னஞ்சலின் திகதி பேசும். படத்தையும் வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டொகியூமென்ட் ஆக அனுப்புங்கள். அப்போது நசுக்காது, போன் எழுதிய திகதியும் இடமும் கூடவே போகும். அதே காரணத்தால் வீட்டுப் பிள்ளையின் படத்தை அப்படி அனுப்ப வேண்டாம். வீடு எங்கே என்பதும் சேர்ந்து போய்விடும்.

இனி, பழைய படங்கள். முள்ளிவாய்க்கால் வரை போய் முகாமுக்கு வந்த குடும்பங்கள் பலவற்றிடம் மிஞ்சியது ஒன்றிரண்டு படங்கள்தான். அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம், சொப்பிங் பையில் சுற்றி வைத்து ஈரத்தில் ஒட்டிப்போன கலியாணப் படம். முன்பு அவற்றைப் பொறுமையாக இருந்து கையால் திருத்தினோம். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் போட்டால் நொடியில் பளிச்சென்று வந்துவிடுகிறது. ஓர் அம்மா அப்படி வேறெங்கோ செய்வித்த மகனின் படத்தைக் கொண்டுவந்தார். அழகான படம். கன நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, இவன்ர இடது புருவத்துக்கு மேல மச்சம் இருந்தது, அது எங்க போச்சு?" என்று கேட்டார். செயலி அதைக் கறை என்று நினைத்துத் துடைத்திருந்தது. கண்ணிமையின் மடிப்பும் கொஞ்சம் வேறு மாதிரி. இல்லாத தகவலைத் தானாக நிரப்புவதுதான் அந்தச் செயலியின் வேலை. அது நிரப்பியது யாரோ ஒருவரின் முகச்சாயல். சுவரில் மாட்ட அது பரவாயில்லை என்று ஒருவர் சொல்லலாம். காணாமற்போனோர் அலுவலகத்தில் கொடுக்கும் விண்ணப்பத்தோடு அந்தப் படம் போனால்?

அதனால் என்னிடம் வரும் எந்தப் பழைய படத்துக்கும் இரண்டு கோப்பு. ஒன்று கை படாத ஸ்கான், கறை, கிழிசல் எல்லாவற்றோடும். மற்றது திருத்தியது. அதன் கீழே "திருத்தப்பட்ட படம்" என்று ஆண்டோடு தெளிவாக எழுதியிருக்கும். சிலருக்கு அந்த எழுத்து பிடிப்பதில்லை, எடுத்துவிடச் சொல்வார்கள். மாட்டுகிற பிரிண்டில் வேண்டுமானால் சட்டத்துக்குள் மறையட்டும், கோப்பில் எடுக்க மாட்டேன். அலுவலகங்களுக்குக் கொடுப்பது முதலாவது கோப்பைத்தான்.

பெரிய நிறுவனங்களும் இதே திசையில்தான் போகின்றன. கூகுள் டீப்மைண்ட் 2023 இல் சின்த்ஐடி என்ற கண்ணுக்குத் தெரியாத குறியைத் தன் செயற்கைப் படங்களில் போடத் தொடங்கியது. ஜெமினி செயலியில் படத்தைக் கொடுத்து அந்தக் குறி இருக்கிறதா என்று கேட்கவும் இப்போது முடியும். இருக்கிறது என்றால் அதில் செயற்கை நுண்ணறிவின் கை பட்டிருக்கிறது என்று நம்பலாம். இல்லை என்றால் ஒன்றும் நிரூபணமாகாது, வேறு செயலியில் செய்த படத்தில் கூகுளின் குறி எப்படி இருக்கும்? இன்னொரு பக்கம், அடோபி, பிபிசி, மைக்ரோசொஃப்ட் போன்றவை 2021 இல் சி2பிஏ (C2PA) என்ற கூட்டமைப்பாகச் சேர்ந்து ஒரு பொது முறையை உருவாக்கின. படம் எப்போது எடுக்கப்பட்டது, பிறகு என்ன மாற்றம் செய்யப்பட்டது என்ற கையொப்பமிட்ட வரலாறு படத்தோடு கூடவே போகும். 2023 இல் லைக்கா எம்11-பி கமரா அதை உள்ளேயே வைத்து வெளிவந்தது. விலையைக் கேட்டால் கமராக் கதையையே விட்டுவிடுவீர்கள். வட்ஸ்அப்பில் படமாக ஒருமுறை போனால் அந்த வரலாறும் உதிர்ந்துவிடும்.

அடையாள அட்டைக் கொப்பியைப் பற்றியும் ஒன்று. சிம் எடுக்க, லீசிங் போட, வேலைக்கு விண்ணப்பிக்க என்று கேட்ட இடமெல்லாம் கொடுக்கிறோம். கொடுக்க முன் பேனையால் படத்தின் ஓரத்தையும் இலக்கத்தின் ஓரத்தையும் தொட்டபடி குறுக்கே எழுதுங்கள்: எதற்காக, யாருக்கு, என்ன திகதி. வாசிக்கவும் முடிய வேண்டும், அதை வெட்டிவிட்டு வேறு எதற்கும் பாவிக்கவும் முடியாமலிருக்க வேண்டும். போனில் அனுப்புவதென்றால் முதலில் எழுதிவிட்டுப் பிறகு படம் எடுங்கள்.

ஒரு படத்தில் சந்தேகம் வந்தால், மென்பொருளைத் தேட முதல் அனுப்பியவரிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள். எடுத்தவர் உண்மையில் அவர்தான் என்றால் டொகியூமென்ட் ஆக அனுப்ப அதிக நேரம் எடுக்காது. அதோடு, அந்தப் படத்துக்குச் சற்று முன்னும் பின்னும் எடுத்தவற்றையும் கேளுங்கள். யாரும் ஓரிடத்தில் ஒரே ஒரு படம் மட்டும் எடுப்பதில்லை. கண் மூடியது, ஆடியது, யாரோ குறுக்கே போனது என்று நாலைந்தாவது போனில் கிடக்கும். களவாய் எடுத்தவரிடம் அந்த ஒன்றுதான் இருக்கும்.