தொப்பூர் இறக்கமும் விடிகாலைப் படபடப்பும்

ராத்திரி 9 மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டுப் படுத்தவருக்கு விடிகாலை 3, 4 மணிக்கு விழிப்புத் தட்டுகிறது. நெஞ்சு படபடக்கிறது, வேர்க்கிறது, காரணமே இல்லாமல் ஒரு பயம். கணக்குப் போட்டால் புரிந்துவிடும். 180 மில்லி, 42.8 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். ஆக, சரக்கு உடம்பைவிட்டு இறங்கும் நேரம் அது.

சரி, இறங்கினால் பழைய நிலைக்குத்தானே வரவேண்டும்? ஏன் அதற்கும் கீழே போகிறது?

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயில் லாரி இறக்கியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மூளைக்கு பிரேக், காபா என்ற வேதிப்பொருள்; ஆக்சிலேட்டர், குளூட்டமேட். ஆல்கஹால் பிரேக்கை அழுத்தி ஆக்சிலேட்டரைத் தளர்த்துகிறது. கவலை மறக்கிறது, நாக்கு இளகுகிறது. ஆனால் தினமும் இதே நடந்தால் மூளை சும்மா இருக்காது. தன் பிரேக்கைத் தளர்த்தி, ஆக்சிலேட்டரைக் கூட்டி ஈடுகட்டுகிறது. சரக்கு இறங்கிய பிறகும் இந்த ஏற்பாடு அப்படியே நிற்கிறது. பிரேக் பிடிக்காத வண்டி, அதுவும் இறக்கத்தில். கை நடுக்கத்தை அடக்கக் காலையிலேயே ஒரு கட்டிங் போடுகிறார்களே, அதை மகிழ்ச்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் ஏன் மனம் அதையே தேடுகிறது? டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள்தான் இன்பம் என்ற பேச்சு பாதிதான் சரி. மூளை ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்துப் பார்த்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் செல்கள் துடித்தன. பழகிய பிறகோ, சாறு வரப்போகிறது என்ற அடையாளத்துக்கே துடித்தன. சாறு வந்தபோது சலனமில்லை. இன்னொரு ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுவதும் நீக்கினார். இனிப்பை வாயில் விட்டால் அவை ரசித்து நக்கின. தேடிப் போகத்தான் இல்லை. ஆசை வேறு, ருசி வேறு. குடி பழகப் பழக ருசி குறைகிறது, ஆசை ஏறுகிறது. ஷிப்டு முடிந்து சிப்காட் கேட்டைத் தாண்டும்போதே ஓசூர்க்காரர் ஒருவரின் கால் கடைப்பக்கம் திரும்புவது இதனால்தான்.

ருசியின் பக்கம், வலியை மட்டுப்படுத்தும் எண்டார்ஃபின் போன்ற மூளையின் சொந்தச் சரக்குகள் இருக்கின்றன. ஆக்ஸ்போர்டு துடுப்புப் படகு வீரர்களைச் சோதித்தார்கள். தனியாகத் துடுப்பு வலித்தபோது இருந்ததைவிட, அதே வேகத்தில் சேர்ந்து வலித்தபோது வலி தாங்கும் திறன் கூடியிருந்தது. எண்டார்ஃபின் கூடுதலாகச் சுரந்ததன் அறிகுறியாக இதைக் கொள்கிறார்கள். நம் பக்கம் பாரதக் கூத்தில் மத்தளத்தோடு விடிய விடியப் பின்பாட்டுப் பாடுகிறவர்களுக்குக் களைப்பே தெரியாததற்கும் இதில் பங்கு இருக்கும் என்பது என் கணிப்பு. (கொட்டகைக்குப் பின்னால் குடிக்கிறவர்களும் உண்டு, அது வேறு கதை.) சேர்ந்து சிரித்தாலும் இதேதான். ஓட்டம் என்றால் அனந்தமைட் என்ற பொருளும் கூடுகிறது. இவையெல்லாம் அளவாகச் சுரந்து அடங்குவதால், ஈடுகட்ட மூளை எதையும் புரட்டிப்போட வேண்டியதில்லை. நாளைக்கும் அதே ருசி இருக்கும்.

குடியை விட்ட முதல் சில வாரங்களில் கூத்தும் சலிப்பாக இருக்கும், பிள்ளைகளின் சிரிப்பும் எட்டாது. மூளை தன்னைத் திருப்பி அமைக்க எடுக்கும் காலம் அது. தினமும் நிறையக் குடிப்பவர் தானாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி, மாத்திரையோடு படிப்படியாக நிறுத்தலாம். போனில் பேச 14416, அரசின் மனநல உதவி எண்.