ஆயில் பிரேக்கருக்கு லெவல் மட்டும் பார்த்தால் போதாது

சென்ற மாதம் ஒரு நூற்பாலையின் 11 கேவி (11,000 வோல்ட்) மின் அறையில், டேங்க் பிதுங்கி, கூரை வரை கரி அப்பிக் கிடந்த ஆயில் சர்க்யூட் பிரேக்கர் (கோளாறு வந்தால் மின்சாரத்தை எண்ணெய்க்குள் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றைப் பார்த்தேன். அந்த நேரத்தில் உள்ளே ஆள் இல்லாததால் உயிர் தப்பியது. இந்த ஆண்டில் இது மூன்றாவது. மூன்று இடங்களிலும் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றேதான்: "ஆயில் லெவல் சரியாகத்தானே சார் இருந்தது!"

லெவல் என்பது எண்ணெயின் அளவே தவிர, அதன் தரம் அல்ல. ஃபால்ட் மின்னோட்டம் (ஷார்ட் சர்க்யூட் போன்ற கோளாறில் பாயும் மிகை மின்னோட்டம்) துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும், பிரியும் கான்டாக்டுகளுக்கிடையே எழும் வில்பொறி சுற்றியுள்ள எண்ணெயைச் சிதைத்து, பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஓரளவு அசிட்டிலீனும் கலந்த வாயுவாக்குகிறது. அந்த ஹைட்ரஜனே வில்பொறியைக் குளிரவைத்து அணைக்கிறது. ஆனால் சிதைந்த எண்ணெயின் கரி உள்ளேயே தங்கிவிடுகிறது. கறுத்த எண்ணெயின் மேல் புதிய எண்ணெயை ஊற்றினால் லெவல் உயரும், கரி எங்கும் போகாது. எண்ணெய் தெளிவாக இருக்கிறதே என்று நிம்மதி அடைவதும் தவறு. கண்ணுக்குத் தெரியாத ஈரமே அதன் மின்தாங்கும் திறனைச் சரித்துவிடும். 2.5 மிமீ இடைவெளியில் பிடிவி சோதனை (எண்ணெய் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று பார்ப்பது) செய்யாமல் எவரும் எண்ணெயை நல்லது என்று சொல்லக் கூடாது. (எண்ணெய் குறைவாகவே கொள்ளும் எம்ஓசிபி வகையில் இந்தக் கெடுதல் இன்னும் விரைவாக வரும்.)

லெவல் குறைந்தாலும் ஆபத்துதான்: போதிய அளவு குளிராமலே மேலெழும் ஹைட்ரஜன் காற்றுடன் கலந்து பற்றிக்கொள்ளும். அதற்காகக் குறியைத் தாண்டி நிரப்பிவிடாதீர்கள். வாயு விரிவதற்காக விடப்பட்ட காலி இடம் போய்விட்டால் அழுத்தம் டேங்கைத்தான் பிளக்கும்.

ஃபால்டைக் கண்டறியும் ரிலே டிரிப் கொடுத்து பிரேக்கர் திறந்துகொண்டால், காரணம் தெரியும் வரை பிரேக்கரைத் திரும்பப் போடாதீர்கள். "ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று மூன்று தடவை போடுவது, ஏற்கெனவே கரியும் வாயுவும் நிறைந்த எண்ணெயிடம் மீண்டும் மீண்டும் முழு ஃபால்டையும் துண்டிக்கச் சொல்வதாகும். பிரேக்கர் எத்தனை முறை இயங்கியது என்று காட்டும் கவுண்டர் எண்ணை நம்பாதீர்கள். லோடு இல்லாமல் திறந்து மூடியதையும் அது எண்ணியிருக்கும். ஃபால்ட் டிரிப்புகளுக்குத் தனி நோட்டு வையுங்கள். தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் எண்ணிக்கை வந்ததும், இரண்டு பக்கமும் மின் இணைப்பைப் பிரித்து ஐசொலேட் செய்து, எர்த் கொடுத்து, டேங்கை இறக்கி, கரியைத் துடைத்து, கான்டாக்டுகளைப் பார்த்த பிறகே சோதித்த எண்ணெயை நிரப்புங்கள். எண்ணெய் டிரம்மை வெயிலிலும் மழையிலும் நிமிர்த்தி வைக்காதீர்கள். மேல் தகட்டில் தேங்கும் நீர் மூடி வழியாக உள்ளே இறங்கிவிடும். கையால் இயக்கும் பழைய பிரேக்கர் என்றால், தயவுசெய்து, மின்சாரம் இருக்கும்போது கைப்பிடியை மெல்ல மெல்ல நகர்த்தி மூடாதீர்கள்; கான்டாக்டுகள் நன்றாகச் சேரும் முன்பே வில்பொறி எழுந்து நீடிக்கும். அந்தக் கைப்பிடிக்கு நேர் எதிரே, ஓரடி தூரத்தில்தான் டேங்க் இருக்கிறது.