ஜெபிக்க ஆள் தேடாதீர்கள், நீங்களே பேசுங்கள்

வேலூரில் மருத்துவமனை ஊழியத்தில் இருக்கிறேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருப்பவர்களோடுதான் என் வேலை. போன வாரமும் அதே கதை. குடியாத்தம் பக்கத்துத் தம்பி ஒருவர்; மனைவிக்கு உள்ளே ஆபரேஷன். ஊர்ப் போதகருக்கு ஒரு போன், டி.வி. ஊழியத்தின் ஜெப உதவி எண்ணுக்கு ஒரு போன், அப்புறம் வாட்ஸ்அப் ஜெபக் குழுக்களில் மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட். "நீங்க ஜெபம் பண்ணீங்களா தம்பி?" என்றேன். "எனக்கு அந்த அளவுக்கு ஜெபிக்கத் தெரியாதுங்க ஐயா" என்றார். ஞானஸ்நானம், திடப்படுத்தல், ஆலயத்தில் கல்யாணம் எல்லாம் ஆனவர்!

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரை அப்படி நம்ப வைத்தவர்கள்மேல் நிறைய இருக்கிறது. மைக் பிடித்து அரைமணி நேரம் அடுக்குமொழியில் முழங்குவதுதான் ஜெபம், சத்தம் கூடினால் வல்லமை கூடும், போதகர் ஜெபித்தால் சீக்கிரம் கேட்கப்படும், வசனம் மனப்பாடமாக வராதவன் வாய் திறக்கக் கூடாது... இதெல்லாம் எந்த வேதத்தில் இருக்கிறது? சீலோ ஆலயத்தில் பிள்ளை வேண்டி ஜெபித்த அன்னாளின் உதடுகள் மட்டும்தான் அசைந்தன. ஆசாரியன் ஏலியே அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். அவளுக்குத்தான் சாமுவேல் பிறந்தான். மூழ்கப்போன பேதுரு சொன்னது "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்ற மூன்றே வார்த்தை. இயேசு சொன்ன உவமையில், வரி வசூலிக்கும் ஆயக்காரன் ஏறெடுத்துப் பார்க்கவும் துணியாமல் மார்பில் அடித்துக்கொண்டான். நீதிமானாக வீடு திரும்பியது அவன்தான். வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று மத்தேயு 6-இல் இயேசுவே சொல்லிவிட்டார். இதற்கு மேல் யார் சொல்ல வேண்டும்?

நம் ஊர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரையே பாருங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்களின் பிரசவத்துக்கு அவரை அழைத்தார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான அப்பாவை, ஆண் என்பதால், அந்த வீட்டார் விடவில்லை. மூவரும் இறந்தார்கள். அன்றிரவு தூங்காமல் தனியாக ஜெபித்தவர், மிஷனரி வேலையே வேண்டாம் என்றிருந்தவர், மருத்துவம் படிக்கப் போனார். 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு அந்த மருத்துவப் பணியைத் தொடங்கினார்.

அந்தத் தம்பியிடம் போனைச் சட்டைப் பையில் வைக்கச் சொன்னேன். கண்ணை மூடி மனைவியின் பெயரைச் சொன்னார். அதற்குமேல் குரல் வரவில்லை. அதுவே ஜெபம்தான். ஆபரேஷன் நல்லபடியாக முடியும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. ஆனால் தானே ஆண்டவரிடம் அழுது தீர்த்தவர், டாக்டர் வெளியே வந்து சொல்வதை நிதானமாகக் காதில் வாங்குகிறார். இதை வாசலில் நின்று பார்க்கிறவன் நான்.

சரி, எப்படி ஆரம்பிப்பது? வீட்டில் பேசும் தமிழிலேயே பேசுங்கள். "ஆண்டவரே, பயமா இருக்கு, அவளைப் பாத்துக்கோங்க." போதும். கோபமென்றால் அதையும் சொல்லுங்கள். சங்கீதக்காரர்கள் சொல்லாத கோபமா? ஒற்றை அறை வீட்டில் தனியிடம் இல்லையென்றால் மொட்டை மாடி இருக்கிறது, காட்பாடி பஸ்ஸின் ஜன்னல் சீட் இருக்கிறது.

ஜெபிக்கக் காசு கேட்கும் எண்ணுக்கு ஜிபே செய்யாதீர்கள். நோயாளியின் ரிப்போர்ட்டைக் குரூப்பில் போடாதீர்கள். ஜெபித்தாயிற்றே என்று சர்க்கரை, பிபி மாத்திரைகளை நிறுத்தாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். எங்களைக் கூப்பிடுங்கள், ராத்திரியானாலும் வருவோம். நாங்கள் வார்டுக்கு வந்து சேரும்வரை காத்திருக்காமல் நீங்களே ஆரம்பித்துவிடுங்கள்.